ஹார்டு டிஸ்கில் சிக்கிய கல்யாணம்

வெனிலாவுக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. டீயைக்கூட நின்றுகொண்டேதான் குடிப்பாள். கண்டமங்கலத்தில் பிறந்து, விழுப்புரத்துக்கு பஸ்ஸில் போய்வந்து கம்ப்யூட்டர் படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு திண்டிவனத்தில், மேம்பாலத்தை ஒட்டிய சந்தில், கல்யாண வீடியோக்களை எடிட் செய்து சிடி போட்டுக் கொடுக்கும் கடை வைத்தாள். படம் பிடிப்பது கணவன் ஆண்டோ. அவன் நிதானக்காரன். இருவருக்கும் சண்டை வந்தால் அதனால்தான் வரும்.

2008-இல், ஆவணி முகூர்த்தங்கள் முடிந்த சமயம். ஓமந்தூரிலிருந்து கலைமதி கடைக்கு வந்தாள். ஆண்டோ படம் பிடித்த கல்யாணங்களில் அவளுடையதும் ஒன்று.

"யக்கா, ஞாயித்துக்கெழம நானும் அவரும் சிங்கப்பூர் போறோம். சிடி அதுக்குள்ள கெடைக்குமா?"

"அடுத்த வாரம்தானே கேட்டீங்க?"

"அப்பாவுக்கு பக்கவாதம் வந்துடுச்சிக்கா. வாய் பேச்சு போயிடுச்சி. அவரு பேசுனது எதுனா அதுல இருந்தா எடுத்துக்கினு போலாம்னு."

வெனிலா உடனே சரி என்றாள். கலைமதி போன பிறகு ஃபைலைத் திறந்தாள். திறக்கவே வெகுநேரம் ஆனது. போன வாரம்வரை நன்றாக ஓடிய கம்ப்யூட்டர் இப்போது திணறியது. படம் நின்று நின்று வந்தது. ஒரு சிறிய ஃபைலை காப்பி செய்தாலே மவுஸ் உறைந்துபோனது. மூன்று மணி நேரக் கல்யாணமும் அந்த ஹார்டு டிஸ்கில் மட்டும்தான் இருந்தது. அதைப் பிடித்த கேசட்டின் மேலேயே ஆண்டோ வேறொரு கல்யாணத்தைப் பிடித்துவிட்டிருந்தான்.

வைரஸ் இருக்கிறதா என்று தேடவிட்டாள். பாதியில் பொறுமை போய் நிறுத்தினாள். வேண்டாத ஃபைல்களை அழித்தாள். பயனில்லை. விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ராஜ்குமாருக்குப் போன் போட்டாள்.

"ஃபார்மட் பண்ணிட்டா சரியாயிடும் மேடம்."

"அதுல ஒரு கல்யாணமே இருக்குதுங்க."

"அப்ப டிஸ்க்கு போற மாரிதான் தெரியுது. எதுக்கும் கழட்டி எடுத்தாங்க, பாப்போம்."

டிஸ்கைக் கழற்றித் துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். ஒவ்வொரு வேகத்தடையிலும் அதை இரு கைகளாலும் தூக்கிப் பிடித்தாள். பக்கத்தில் இருந்த அம்மாள், "கொழந்த மாரி வச்சிக்கினு வர்றியே, என்னாம்மா அது?" என்று கேட்டாள்.

ராஜ்குமாரின் கம்ப்யூட்டரில் மாட்டியதும் டிஸ்க் சீராக ஓடியது. கல்யாணம் தடங்கலில்லாமல் நகர்ந்தது. அவனுக்கே ஆச்சரியம்.

"டிஸ்க்கு நல்லாத்தாங்க இருக்குது. கோளாறு உங்க பொட்டியிலதான்."

அங்கேயே காப்பி எடுத்துவிடலாம் என்றால் அவன் கம்ப்யூட்டரில் அத்தனை இடமில்லை. கேபிளாகவும் இருக்கலாம் என்று புது கேபிள் ஒன்றைக் கொடுத்து அனுப்பினான்.

கடைக்குத் திரும்பிப் பழைய கேபிளை எடுத்துப் பார்த்தபோது காரணம் புரிந்தது. போன வாரம் புது டிவிடி ரைட்டரை அவளேதான் மாட்டினாள். அவசரத்தில் அதைத் திணித்தபோது ஹார்டு டிஸ்குக்குப் போகும் பட்டைக் கேபிள் மடங்கி நசுங்கியிருந்தது. புதியதை மாட்டினாள். அப்படியும் கம்ப்யூட்டர் நத்தை மாதிரியே ஊர்ந்தது. அவளுக்கு அழுகை வந்தது.

"ஏன் இப்பிடி பேஜார் ஆவுற? அவருக்கே இன்னொரு தபா போன் போடேன்" என்றான் ஆண்டோ.

ராஜ்குமார் மறுமுனையில் யோசித்துவிட்டுச் சொன்னான். கேபிள் கெட்டுத் தகவல் தவறித் தவறி வந்தால் விண்டோஸ் தானாகவே பழைய மெதுவான முறைக்கு இறங்கிவிடும். கேபிளை மாற்றினாலும் தானாக மேலே ஏறாது. அவன் சொன்ன இடத்தில் பார்த்தாள். அப்படித்தான் இருந்தது. அவன் சொன்னபடி அந்த மெதுவான அமைப்பை நீக்கிவிட்டுக் கம்ப்யூட்டரை மறுபடி போட்டாள். கல்யாணம் ஓடியது.

முதல் வேலையாக எல்லாவற்றையும் டிவிடிகளில் காப்பி எடுத்தாள். பிறகு கலைமதியை வரச்சொல்லி, இருவருமாக அப்பாவைத் தேடினார்கள். ஆண்டோ பெரும்பாலும் மாப்பிள்ளை வீட்டாரைத்தான் பிடித்திருந்தான். அப்பா நடராசன் மேடையில் ஓரமாக நின்றார், தாம்பூலப் பையைக் கொடுத்தார். பேசவே இல்லை. கலைமதி புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

பந்தி நடக்கிற நேரம். கேமராவை அணைக்காமல் ஆண்டோ பெஞ்சின் மேல் வைத்துவிட்டிருந்தான். திரையில் வெறும் சுவரும் ஒரு தண்ணீர் டிரம்மும். வெனிலா எப்போதும் பார்க்காமலே வெட்டி எறிகிற துண்டு. அதில் குரல் மட்டும் கேட்டது.

"யோவ், ரசத்துல உப்பு போட்டியா, மறந்துட்டியா? மாப்ள வூட்டாரு எலைய மடிச்சிக்கினு போயிடுவாங்கய்யா."

சமையல்காரர் ஏதோ முணுமுணுத்தார். நடராசன் சிரித்தார். "செரி வுடு. எம் பொண்ணு அழுதுக்கினு இருக்கா. அந்தத் தண்ணியே போதும் உப்புக்கு."

கலைமதி வாயைப் பொத்திக்கொண்டாள். "இன்னொரு தபா போடுங்கக்கா" என்றாள். பிறகு, "இத வெட்டிடாதீங்க" என்றாள்.

சனிக்கிழமை சிடியை வெனிலாவே ஓமந்தூருக்குக் கொண்டுபோனாள். நாற்காலியில் சாய்ந்திருந்த நடராசன் கண்ணிமைக்காமல் டிவியைப் பார்த்தார். தன் குரல் வந்ததும் ஒரு பக்கத்து உதடு மட்டும் அசைந்தது. "உப்... உப்..." என்றார்.

மனைவி அஞ்சம்மாள் பதறி எழுந்தாள். "கஞ்சிக்கு உப்பு வேணுமா?"

அவர் இல்லையென்று தலையாட்டினார். நல்ல கையைத் தூக்கி டிவியைக் காட்டினார்.

மறுநாள் கலைமதி விமானம் ஏறினாள். பொங்கலுக்குள் நடராசனுக்குப் பாதிப் பேச்சு திரும்பியது.