அமாவாசையில் நிலாச்சோறு

என் பேரன் வேலூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். போன வாரம் வீட்டுக்கு வந்தவன் பையிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து உதறினான். அது குடை மாதிரி விரிந்து கூடாரமாகிக் கூடத்தையே அடைத்துக்கொண்டது. நண்பர்களோடு காரில் ஜவ்வாது மலைக்குப் போகிறார்களாம், காட்டுக்குள் நடப்பார்களாம், ராத்திரி இதற்குள் படுப்பார்களாம். "உனக்கு இதெல்லாம் தெரியாது ஆயா, இதுக்குப் பேரு கேம்ப்பிங்" என்றான். நான் உள்ளே தலையை விட்டுப் பார்த்தேன். எங்கள் கூடாரத்தில் காற்று இதைவிட நன்றாக வரும். அதில் இருந்த ஓட்டைகள் அப்படி.

அப்போது எனக்கு எட்டு வயதோ ஒன்பதோ. பள்ளிக்கூடமும் நானும் ஒருவரை ஒருவர் சகித்துக்கொண்டிருந்த காலம். ஆரணியில் எங்கள் வீட்டில் இரண்டு குழித்தறிகள். ஒன்றில் அப்பா நெய்தார், இன்னொன்றில் சித்தப்பா. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் பிறந்தவள் அத்தை. இரண்டு தறிக்கும் வேண்டிய எல்லா எடுபிடி வேலையும் அவளுடையது. வேலைக்குப் பெயர் கிடையாது என்பதால், அவள் சும்மா இருப்பதாகவே வீட்டில் பேசிக்கொள்வார்கள்.

சும்மா இருந்தவளை முதலாளி தனக்குப் பெண் கேட்டார். ஊரில் பாதித் தறி அவர் கொடுக்கும் பாவு நூலில்தான் ஓடியது, எங்கள் இரண்டும் சேர்த்துத்தான். சம்சாரம் இறந்து வருஷம் திரும்பியிருந்தது. அவருடைய மூத்த மகள் எங்கள் அத்தையைவிடப் பெரியவள். அத்தை சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. முடியாது என்றால் பாவு நிற்கும், பாவு நின்றால் உலை நிற்கும். இது எனக்கே தெரியும், அவளுக்குத் தெரியாதா. அப்பா வாசலில் நின்று கேட்டார், அடுப்படியில் உட்கார்ந்து கேட்டார், கடைசியில் கோபமாகவும் கேட்டார். அத்தை ஒரே பதிலைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த மலை மேல ஒரு வாட்டி ஏறணும்ணா. ஏறிட்டு வந்து சொல்றேன்."

விடியற்காலையில் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போடும்போது, மேற்கே நீலமாக ஜவ்வாது மலை தெரியும். வருஷக்கணக்காக அதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தவள். மற்றவர்களும்தான் பார்த்தார்கள், மழை வருமா என்று தெரிந்துகொள்ள. அப்பாவுக்கு இந்தக் கோரிக்கை சுலபமாகத் தோன்றியது. வெட்டப்போகிற ஆட்டுக்கு ஒரு கத்தை தழை போடுவதில் என்ன நஷ்டம்? மலைக்குப் போய்த் திரும்பிய அன்று சாயங்காலமே நிச்சயத் தட்டு வரலாம் என்று முதலாளி வீட்டுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்.

சித்தப்பாவுக்கு அத்தையைவிட ஆசை. கண்ணமங்கலம் பஸ்ஸின் டிரைவர் ஒருவர் அவருக்குப் பழக்கம். மலை மேல் நிலா எழும்பினால் வெண்கலத் தாம்பாளம் போல இருக்கும், கையை நீட்டினால் தொடலாம் என்று அந்த டிரைவர் சொன்னதை, சித்தப்பா எனக்குத் தினம் கொஞ்சமாக விற்றார். பாறை மேல் உட்கார்ந்து நிலாச்சோறு சாப்பிடுவது என்று முடிவாயிற்று. அம்மா புளிசோறு கட்டினாள். சித்தப்பா பழைய வேட்டிகளைத் தைத்துக் கூடாரம் செய்தார். அதற்கு முட்டுக் கொடுக்கப் பாவு விரிக்கும் மூங்கில் கழிகளைக் கட்டி எடுத்துக்கொண்டார்.

நாளும் குறித்தாயிற்று. தறிக்காரர்களுக்கு மாதத்தில் ஒரு நாள்தான் தறி நிற்கும். கோயிலோ சந்தையோ செத்த வீட்டுக்குத் துக்கம் கேட்பதோ, எங்கள் ஜனங்கள் எல்லாவற்றையும் அந்த ஒரு நாளுக்குத்தான் ஒதுக்குவார்கள். அன்று காலை அப்பா முன்னோருக்குப் படையல் போட்டார், காக்கைக்குச் சோறு வைத்தார், அது தின்றதும் கிளம்பினோம். அம்மாவும், அப்பாவைப் பெற்ற ஆயாவும் வீட்டில் தங்கிவிட்டார்கள்.

கண்ணமங்கலம் வரை பஸ். அங்கிருந்து அடிவாரத்துக்கு மாட்டு வண்டி. பேரன் காரில் பார்க்கப்போகிற அதே காட்சிதான், எங்களுக்கு மாட்டின் வால் கூடுதலாகத் தெரிந்தது. அப்புறம் நடை. சித்தப்பா புறப்படும்போதே, நாள் முழுக்கத் தறி மிதிக்கிற கால், மலையெல்லாம் இதற்கு ஒரு பொருட்டா என்றார். குழிக்குள் உட்கார்ந்து மிதிக்கும் கால் உடம்பைத் தூக்கிப் பழகியதில்லை என்பதை முதல் ஏற்றம் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது. அப்பா அவருக்கும் பின்னால் வந்தார். இருவரும் மரத்துக்கு மரம் அதன் பெயரை விசாரிப்பது போல நின்றார்கள்.

அத்தை நிற்கவில்லை. புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, சோற்றுக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மூங்கில் கழிகளையும் சித்தப்பாவிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். காலில் முள் தைத்தது. பிடுங்கிப் போட்டுவிட்டு நடந்தாள். பாதி வழியில் ஒரு சுனை. அப்பா அதன் கரையில் சாய்ந்துவிட்டார். இங்கேயே தங்கலாம், இதுவும் மலைதானே என்றார்.

"இது மலை இல்லணா. மலையோட முட்டி. மேல போலாம், வா."

"பேஜார் புடிச்சவளே, நாளைக்குத் தட்டு வருது. காலு கையி ஒடச்சிகினு உக்காந்தா இன்னா பதில் சொல்றது?"

"ஒடஞ்சா ஒடஞ்ச காலோட கட்டிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அத்தை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினாள்.

பொழுது இறங்கும் நேரத்தில் உச்சிப் பாறைக்கு வந்தோம். கூடாரம் நட்டோம். சாய்ந்தது. மறுபடி நட்டோம். கூடையைத் திறந்ததும் புளிசோற்று வாசனை வயிற்றைக் கிள்ளியது. ஆனாலும் நிலா வராமல் ஒரு வாய் சாப்பிடமாட்டேன் என்று நான் உட்கார்ந்துவிட்டேன். சித்தப்பா மரத்துக்குப் பின்னால் இருக்கிறது என்றார், அப்புறம் மேகத்துக்குப் பின்னால் என்றார். மேகமே இல்லை. இருட்டு ஏறிக்கொண்டே போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் முகம் தெரியவில்லை.

"அண்ணா, இன்னிக்கு தறி ஏன் லீவு?" என்று அத்தையின் குரல் மட்டும் வந்தது.

"இது இன்னா கேள்வி. அமாவாசைக்கு எவன் தறி ஓட்டுவான்?" என்றார் அப்பா.

காலையில் அமாவாசைப் படையல் போட்டவர், அந்த வடையைத் தின்றவர், காக்கையைக் கூப்பிட்டவர் யாருக்கும் இது தோன்றவில்லை. எங்களுக்கு அமாவாசை என்றால் லீவு. வானத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தம் உண்டு என்பதே மறந்துபோன ஜாதி நாங்கள். நான் அழுத அழுகையில் காட்டில் தூங்கின பறவைகள் எழுந்தன. சித்தப்பா சத்தமில்லாமல் கூடாரத்துக்குள் போய்விட்டார்.

அத்தை அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. பாறையின் ஓரத்தில் போய் நின்றாள். நிலா இல்லாததால் கீழே சமவெளியில் இருந்த ஒவ்வொரு விளக்கும் தெரிந்தது. அப்பா பயந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் கீழே காட்டி ஒவ்வொன்றாகக் கேட்டாள். கிட்டத்தில் தெரிவது கண்ணமங்கலம், அதற்கு அந்தாண்டை தூரத்தில், ஒரு பிடி பொரி சிந்தின மாதிரி மினுக்கிக்கொண்டிருப்பது ஆரணி என்று அப்பா சொன்னார்.

"அதுல முதலாளி வூடு எது?"

அப்பா விரலை நீட்டினார். கண்ணைச் சுருக்கினார். விரல் இங்கும் அங்கும் அலைந்து, கடைசியில் மடங்கிக்கொண்டது. "அது எப்டிம்மா இங்கேர்ந்து தெரியும்" என்றார்.

அத்தை ரொம்ப நேரம் அந்தப் பொரியையே பார்த்தாள்.

"இவ்ளோதானாணா" என்றாள்.

பிறகு கூடையண்டை வந்து உட்கார்ந்து, எனக்கு ஊட்டிவிட்டு, அவளும் வயிறு முட்டச் சாப்பிட்டாள். முதலாளி பெண் கேட்ட நாளிலிருந்து அவள் அப்படிச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. மலை ஏறின பசி என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் சொன்னபடி தட்டு வந்தது. பழம், பூ, ஒரு பட்டுப்புடவை. புடவையை நெய்ததே அப்பாதான். முதலாளியின் தம்பி நடுவில் உட்கார்ந்து, நல்ல நேரம் முடிவதற்குள் பெண்ணைக் கூப்பிடச் சொன்னார். அத்தை தானாகவே வந்தாள். காலில் மஞ்சள் பற்று. நொண்டிக்கொண்டுதான் வந்தாள், ஆனால் சுவரைப் பிடிக்கவில்லை.

"எனக்கு வேணாங்க. எடுத்துகினு போங்க" என்றாள்.

அப்பா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். ஆயா உள்ளே ஏதோ சாமியைக் கூப்பிட்டாள். முதலாளியின் தம்பி சிரித்த முகம் மாறாமல், "யார் வூட்டு சம்மந்தம்னு தெரிஞ்சிதான் பேசறியாம்மா?" என்று கேட்டார்.

"தெரியுங்க. நல்லா பாத்துட்டுதான் வந்தேன்."

கதவுக்குப் பின்னால் அம்மாவை ஒட்டிக்கொண்டு நின்ற எனக்குத் தாங்கவில்லை. பெரியவர்கள் இத்தனை பேருக்கு முன்னால் இப்படி ஒரு பொய்யா? மலையில் நாங்கள் எதையுமே பார்க்கவில்லை. நிலாகூட வரவில்லை. முதலாளி வீடு எங்கே தெரிந்தது? அப்பாவைக் கேட்டால் சொல்வாரே. அதைச் சபையில் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தித் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள்.

அம்மாவின் உடம்பு முழுக்கக் குலுங்கிக்கொண்டிருந்தது. பாவம், பயத்தில் நடுங்குகிறாள் என்று நினைத்து, நானும் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.