காயாத சந்தனம்

சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியாராக இருந்தவன், கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன். இதைக் கண்ணால் பார்த்துத் தொலைத்ததுதான் என் கஷ்டம்.

அறுபதுகளின் கடைசி. பினாங்கில் வேலை கிடைத்த என் தம்பி செல்வம் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற ஒரு வாரம் இருந்தது. அதற்குள் இரண்டு பேருமாக ஊர் சுற்றலாம் என்று சிநேகிதனின் அம்பாசடரை இரவல் வாங்கிக்கொண்டு தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று அலைந்து, கடைசியாகக் கொத்தமங்கலம் வந்து சேர்ந்தோம். அங்கே ஒரு செட்டியார் வீட்டின் முகப்பை ஓவியக்கூடமாக்கி, வருகிறவர்களுக்குத் திறந்துவிட்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை, மூன்று மணி வெயில். உள்ளே கண்ணாடி போட்ட பெரிய பெரிய ஓவியங்கள், எல்லாம் அந்த வீட்டு முன்னோர்கள். கடைசிப் படத்தில் செல்வத்தின் வயதில் ஒருவர், அப்படியொரு கைவேலை! ஆனால் நெற்றியை மறைத்துக் கண்ணாடிமேல் அப்போதுதான் வைத்த சந்தனப் பொட்டு. வரைந்தவன் புருவத்தை எப்படித் தீட்டியிருக்கிறான் என்று பார்க்கிற ஆசையில் கைக்குட்டையால் துடைத்துவிட்டேன். வாத்தியார் புத்தி.

காவலாளி ஓடி வந்தார். "என்னய்யா, தொடைச்சுப்புட்டீக! செத்தவுகளுக்கு வச்ச பொட்டுல்ல? இவுக கப்பலேறிப் போயி, போன எடத்துலயே முடிஞ்சுபோனவுக."

கிண்ணத்திலிருந்து சந்தனம் எடுத்து மறுபடி வைத்தார். நம்பினால் நம்புங்கள், ஒட்டவில்லை. மூன்று தடவை வைத்தார், மூன்று தடவையும் வழுக்கித் தரையில் விழுந்தது.

"இங்குட்டு நிக்காதீக, கெளம்புங்க" என்றார். சொன்னது என்னிடம், பார்த்தது செல்வத்தை.

காருக்கு வந்தோம். பூட்டியபடியேதான் இருந்தது. உள்ளே ஒட்டிய கவரில் செல்வத்தின் போட்டோ, வீட்டில் மாட்டுவதற்காக ஸ்டூடியோவில் எடுத்தது. என்ன தோன்றியதோ, பிரித்துப் பார்த்தேன். நெற்றியில் சந்தனப் பொட்டு, ஈரமாக, விரலில் ஒட்டியது. உயிரோடு இருக்கிறவர் படத்துக்கு எங்கள் பக்கம் யாரும் பொட்டு வைப்பதில்லை.

"போகாதடா" என்று நடுரோட்டில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"காயட்டும்ணே, அப்பப் பாத்துக்கிருவோம்" என்று சிரித்தான். சொன்னபடி கப்பலேறிப் போயும்விட்டான்.

நன்றாகத்தான் இருக்கிறான். கல்யாணம், பிள்ளைகள், பேரன் பேத்தி எல்லாம் அங்கேயே. போட்டோவை நான் மாட்டவில்லை, பீரோவில் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் போன் செய்வான், எடுத்த எடுப்பில் ஒரே கேள்விதான்.

"அண்ணே, காஞ்சிருச்சா?"

பீரோவைத் திறந்து, தொட்டுப் பார்த்துவிட்டு, "இல்லடா, ஈரமாத்தான் இருக்கு" என்பேன். போன வெள்ளிக்கிழமையும் அப்படியேதான் சொன்னேன். பொட்டின் ஓரம் லேசாக வெடித்திருந்ததை மட்டும் அவனிடம் சொல்லவில்லை.