ஒன்பது சட்டங்களை எண்ணினேன், ஒரு கேள்வி கேட்கவில்லை

எழுபதுகளின் கடைசியில் நடந்ததை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். என் மனைவி சரசுவுக்கு வலிப்பு உண்டு. மருத்துவமனையில் நரம்பு டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். உள்ளே போனால், ஒல்லியாக ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்.

எனக்குப் பழமொழி என்றால் உயிர். "ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்னு சொல்வாங்க. உங்க கணக்கு எத்தனைம்மா? என்ன படிச்சீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்தார். "டாக்டருக்குப் படிச்சு, அப்புறம் நரம்புக்குத் தனியாப் படிச்சு, லண்டன்ல ரெண்டு வருஷம் வலிப்பு மட்டும் பாத்தேன் அங்கிள். நான் எழுதித் தர்ற மாத்திரையை ஒருநாளும் நிறுத்திடாதீங்க."

எனக்கு மனம் ஒப்பவில்லை. ஜாலான் புசார் தெருவில் பொடி மருந்து கொடுப்பவர் ஒருவரிடம் சரசுவை அழைத்துப்போனேன். சுவரெல்லாம் கண்ணாடிச் சட்டம் போட்ட ஆங்கிலச் சான்றிதழ்கள். வாசிக்கத் தெரியாத நான் எண்ணிப் பார்த்தேன், ஒன்பது இருந்தது. "மாத்திரையை விட்டுடுங்க" என்றார். சரசு தயங்கினாள். நான்தான் நிறுத்தினேன்.

நாலாம் நாள் கஞ்சி வடிக்கும்போது விழுந்தாள். கை வெந்துபோனது, வலிப்பு நிற்கவே இல்லை. ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம். அதே பெண்தான் காப்பாற்றினார்.

மறுநாள் மெதுவாகக் கேட்டார்: "நிறுத்தச் சொன்னவர் என்ன படிச்சவர் அங்கிள்?"

"கேக்கலம்மா."

"என்னையுந்தான் கேக்கலை" என்றாள் சரசு, கட்டுப்போட்ட கையோடு.

இப்போது நான் சட்டங்களை எண்ணுவதில்லை. மருந்து கொடுப்பவர் யாரானாலும், என்ன படித்தார் என்று மரியாதையாகக் கேட்கிறேன். சரசுவையும் கேட்கிறேன். அந்தப் பழமொழியை மட்டும் சொல்வதில்லை. எங்கள் வீட்டு அரை வைத்தியன் நான்தானே.