பேருந்தில் அவிழ்த்த வசம்புக் கயிறு

பையனுக்கு ஆறு மாதம் முடிந்ததும் ஒரு நாளாவது வெளியே போய்வர வேண்டும் என்றிருந்தது. இடஒதுக்கீடு கேட்டு அடிக்கடி சாலை மறியல் நடந்த மாதங்கள் அவை. கணவர் வேண்டாமென்றார். கேட்காமல் கல்வராயன்மலைக்குக் கிளம்பினேன். இதை எழுத மனம் வராமல் பல வாரம் தள்ளிப்போட்டேன்.

கள்ளக்குறிச்சியில் காலை 6.20க்கு, மலைமேலுள்ள வெள்ளிமலை ஊருக்குப் பேருந்து. 32 ரூபாய், ஏறத்தாழ இரண்டு மணி நேரம். வளைவுகள் அதிகம், கைக்குழந்தை இருந்தால் முன்பக்கம் உட்காருங்கள். அருவியில் தண்ணீர் குறைவுதான், குளிர் நன்றாக இருந்தது. நான்தான் அரைமணிக்கொருமுறை அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் பேருந்து 2.10க்கு. கச்சிராயபாளையத்துக்கு முன்பே நின்றுவிட்டது. "ரோட்ல குந்திக்கினு இருக்காங்க. பேசி முடிக்காம நவுராதுங்க" என்றார் நடத்துநர்.

பக்கத்து இருக்கையில், வெள்ளிமலையில் என்னோடு பேருந்து ஏறிய பெண், மடியில் மகளோடு. என் பையன் சட்டையில் குத்தியிருந்த நீலப் பொம்மையைப் பார்த்தாள்.

"இன்னாக்கா இது, நாக்க நீட்டிக்கினு?"

"எகிப்து சாமிம்மா. பேரு பெஸ். தூங்குற குழந்தைகிட்ட கெட்டது எதுவும் வராம பாத்துக்கும்."

"இந்த மூஞ்சப் பாத்தா எதுதாங்க வரும்?"

சிரித்தேன். பழங்கால எகிப்துத் தாய்மார்கள் நூலில் ஏழு முடிச்சுப் போட்டுக் குழந்தை கழுத்தில் கட்டியதையும், கல்லூரியில் நான் அதைப் பற்றிக் கட்டுரை எழுதியதையும் பெருமையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

நான்கு மணிக்குப் பையன் அழ ஆரம்பித்தான். பால் குடிக்கவில்லை, நிறுத்தவுமில்லை. அவள் தன் மகள் கையிலிருந்த கறுப்புக் கயிற்றை அவிழ்த்து அவன் மணிக்கட்டில் கட்டினாள். அதில் ஒரு துண்டு வசம்பு.

"எங்கம்மா முடிச்சுப் போட்டது. அழுவ நின்னதும் குடுங்கக்கா."

பிறகு என் பாட்டிலையும் வாங்கிக்கொண்டு தண்ணீர் பிடிக்க இறங்கினாள். கயிற்றில் எண்ணெய்ப் பிசுக்கு. அவன் கையை வாய்க்குக் கொண்டுபோனான். அவசரமாக அவிழ்த்தேன். எங்கே வைப்பது? அழுக்கு டயாப்பர் இருந்த கவருக்குள் போட்டுவிட்டேன். அவள் வருவதற்குள் அவன் தூங்கிப்போனான்.

"பாத்தீங்களா, அடங்கிட்டான்." சிரித்தபடியே கையைப் பார்த்தாள். "கயிறு எங்கக்கா?"

"விழுந்திருக்கும்."

ஆம், அப்படித்தான் சொன்னேன். அவள் மகளையும் என் மடியில் வைத்துவிட்டு இருக்கைக்கு அடியில் குனிந்து தேடினாள். நடத்துநர் செல்போன் வெளிச்சம் காட்டினார்.

"நாளைக்கு இவளுக்கு ஆஸ்பத்திரில ஊசி. காய்ச்சல் அடிக்கும். அது கையில இல்லன்னா எனக்குத் தூக்கம் வராதுங்க" என்று அவரிடம் சொல்லிக்கொண்டே தேடினாள்.

அதற்குமேல் முடியவில்லை. அவள் கண் முன்னாலேயே அந்தக் கவரைத் திறந்து, டயாப்பருக்கு அடியிலிருந்து எடுத்தேன். அவள் பிடித்துவந்த தண்ணீரிலேயே கழுவினேன். ஐந்து முடிச்சுகள்.

"வேணாம்னா சொல்லியிருக்கலாமே."

கயிற்றை வாங்கினாள். ஜன்னல் கம்பியில் காயவைத்தாள். பெஸ்ஸைக் கழற்றி நீட்டினேன். "அது உங்க புள்ளையப் பாத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். 5.40க்குப் பேருந்து நகர்ந்தபோது கயிற்றை மகள் கையில் கட்டிக்கொண்டிருந்தாள்.

போகிறவர்கள் மறியல் உண்டா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். தண்ணீர் இரண்டு பாட்டில் வையுங்கள். யாராவது உங்கள் குழந்தைக்குக் கயிறு கட்ட வந்தால், வேண்டாமென்றால் அப்போதே முகம் பார்த்துச் சொல்லுங்கள்.

எகிப்தின் ஏழு முடிச்சு பற்றிக் கேட்டால் பதில் எழுதுகிறேன். அந்த ஐந்து முடிச்சு எதற்கென்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தும் நான் கேட்கவில்லை.