ராய்ஸ் எழுதாத பரீட்சை

ராய்ஸ் டீட்மன் இதுவரை நாலு பேருடைய பல்லை உடைத்திருக்கிறான். எனக்குத் தெரிந்து நாலு. முதல் பல் அவனைப் பெற்ற அப்பாவுடையது. விவரம் தெரிந்த நாள் முதல் ரப்பர் குழாயால் அடி வாங்கியவன், பதினைந்தாவது வயதில் ஒரு நாள் அந்தக் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஒரே குத்துக் குத்தினான். மற்ற மூன்று பல்லும் மதுக்கடை வாசலில் விழுந்தவை. எங்கள் ஊர்ப் பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் அவனும் எதிர்வீட்டுக்காரியான நானும் பத்தொன்பது வருடம் ஒரே வரிசையில் நின்று வெட்டினோம். கொக்கியில் தொங்கும் அரைப் பன்றியைத் தனியாளாக இறக்குவான். மேற்பார்வையாளர்கள்கூட அவனிடம் குரலைத் தணித்துத்தான் பேசுவார்கள்.

இந்த ஆளைப் போய் வளர்ப்புத் தகப்பனாக்கினார்கள். எல்லாம் அவன் பெண்டாட்டி மார்வாவின் ஆசை. அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். சில பிள்ளைகள் ரொட்டியை எடுத்துக் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டு போவதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு மனசு கேட்கவில்லை. அவர்களுக்குப் பிள்ளையும் இல்லை. "அடி வாங்கி வளந்தவனுக்குத்தான் அடி வாங்குன பிள்ளையோட வலி தெரியும்" என்று அவள் சொன்னாள். ராய்ஸ் ஒரு வாரம் யோசித்தான். பிறகு குடியை விட்டான். அதற்கப்புறம் எட்டு வருடம் யார் மீதும் கை வைக்கவில்லை. இதையும் சொல்லாமல் விட்டால் அது அநியாயம்.

அரசு அனுப்பும் பிள்ளைகளை வீட்டில் வைத்து வளர்க்க லைசென்ஸ் வேண்டுமென்றால் புருஷன், பெண்டாட்டி இருவருமே வருடத்துக்கு இத்தனை மணி நேரம் என்று கம்ப்யூட்டரில் வகுப்பு பார்க்க வேண்டும். திரையில் ஒரு பெண் தூங்க வைக்கிற குரலில் பேசுவாள். முடிவில் பத்துக் கேள்வி. எட்டுக்குச் சரியாகப் பதில் சொன்னால் சான்றிதழ் வந்துவிடும். எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் இரண்டு பேரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பெண்டாட்டி தன்னுடையதை முடித்துவிட்டு, புருஷன் பெயரில் நுழைந்து அதையும் முடித்துவிடுவாள். மாதா கோயிலில் காப்பி குடிக்கும்போது வெளிப்படையாகச் சொல்லிச் சிரிப்பார்கள். ராய்ஸ் விடியற்காலை ஐந்து மணிக்கு வேலைக்குப் போகிறவன். திரையின் முன்னால் உட்கார்த்தினால் அஞ்சாவது நிமிஷம் குறட்டை.

அந்தக் குளிர்காலத்தில் மார்வாவுக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை. லைசென்ஸ் புதுப்பிக்கும் நாள் நெருங்கிவிட்டது.

"ஆர்லிஸ், அவனுக்கு இன்னும் ஆறு மணி நேரம் பாக்கி இருக்கு. நீ வந்து அவன் பேர்ல கம்ப்யூட்டர்ல தட்டிக் குடுத்துடேன்" என்றாள்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுக்குப் போனேன். அவள் சுட்டுவைத்த இனிப்பு ரொட்டியைத் தின்றுகொண்டே தட்டினேன். ராய்ஸ் பக்கத்து சோபாவில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய், நீ நூத்துக்கு நூறுடா!" என்றேன்.

"அப்படியா? எங்கப்பன் இருந்தா காட்டியிருப்பேன். நம்பாம இன்னொரு போடு போட்டிருப்பான்."

அந்தப் பாடம் எனக்கு மனப்பாடமாகவே ஆகிவிட்டது. பட்டினி கிடந்த பிள்ளை சாப்பாட்டை ஒளித்துவைத்தால் என்ன செய்வது? எடுத்து எறியக் கூடாது. மூடி போட்ட டப்பா ஒன்றை அதற்கென்றே கொடுக்க வேண்டும். பிள்ளை கையில் கத்தியோடு வெறி பிடித்து நின்றால்? மற்றவர்களை வெளியே அனுப்பு, வழியை விடு, தள்ளி நின்று மெல்லப் பேசு. பின்னாலிருந்து பிடிக்கவே பிடிக்காதே. நாலு வினாடியில் பதில் போட்டேன். எனக்குப் பிள்ளையும் கிடையாது, குட்டியும் கிடையாது.

மார்ச் மாதம் டேவியா வந்தாள். பதினொரு வயது. முன்பல் ஒன்று பாதிதான் இருந்தது. ஷூவைக் கழற்றாமலே தூங்குவாள். அவள் அம்மாவோடு இருந்த ஆள், பின்னாலிருந்து இரண்டு கையையும் சேர்த்து அமுக்கிக்கொண்டுதான் அவளை அடிப்பானாம். முதல் மாதத்தில் குளியலறைக் கண்ணாடி போயிற்று, இரண்டு கதவு போயிற்று, மார்வாவின் மணிக்கட்டில் கடித்த தழும்பு வந்தது. ராய்ஸ் வாயே திறக்காமல் கதவைச் சரி பண்ணுவான். அவள் மறுபடி உடைப்பாள். அவன் மறுபடி சரி பண்ணுவான்.

"யோவ் பன்னிக்காரா, உனக்குக் கோவமே வராதா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"வரும். ரேஷன்ல வெச்சிருக்கேன்."

அவள் சிரித்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஜூன் மாதத்தில் அவனுடைய வண்டியின் முன்சீட்டில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கூடவே சுற்ற ஆரம்பித்தாள். அந்த மலைமாட்டுக்கு அவள் மேல் அப்படி ஒரு பாசம்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். மார்வா ஹாம் என்கிற பன்றித்தொடைக் கறியை அறுத்துக்கொண்டிருந்தாள். நான் காப்பிக் கோப்பையோடு நின்றிருந்தேன். ராய்ஸ் மாடியிலிருந்து ஒரு குப்பைப் பையோடு இறங்கினான். டேவியாவின் கட்டிலுக்கு அடியில் பூசணம் பிடித்த ரொட்டி, பாலாடைக்கட்டி, எலிப் புழுக்கை. "எல்லாத்தையும் கூட்டித் தள்ளிட்டேன்" என்றான், பெரிய உதவி செய்துவிட்டவன் மாதிரி.

மேஜை முன்னால் இருந்த டேவியா அந்தப் பையைப் பார்த்தாள். உருளைக்கிழங்குச் சட்டி சுவரில் போய் மோதியது. பிறகு தட்டுகள். பிறகு நாற்காலி ஜன்னல் வழியாக வெளியே போயிற்று. "திருடன்! திருடன்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். மார்வா "கண்ணு, கண்ணு" என்று கிட்டே போனாள். அந்தப் பெண் ஹாம் அறுத்த கத்தியை எடுத்து வீசிய வீச்சில் மார்வாவின் முழங்கையிலிருந்து ரத்தம் வழிந்தது.

எனக்குப் பதில் தெரியும். சத்தியமாகத் தெரியும். மார்வாவை இழுத்துக்கொண்டு வெளியே போகவேண்டியது என் வேலை. "ராய்ஸ், தொடாதே" என்று கத்தவேண்டியது என் வாய். கோப்பையைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன்.

ராய்ஸ் பின்னாலிருந்து பிடித்தான். பத்தொன்பது வருடம் பன்றியைப் பிடித்த பிடி. அவள் போட்ட சத்தம் மனுஷச் சத்தமாக இல்லை. கையைக் கடித்துச் சதையைப் பிய்த்தாள். அவன் இன்னும் இறுக்கினான். கத்தி கீழே விழுந்தது. அதோடு அவள் தோளில் சடக்கென்று ஒரு சத்தம். தொழிற்சாலையில் தினம் ஆயிரம் தடவை கேட்ட சத்தம்தான். அவன் உடனே கையை விட்டான். அவள் ஒரு கை தொங்கத் தொங்க மேஜைக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டாள். ராய்ஸ் தரையில் உட்கார்ந்து தன் முகத்தில் தானே அறைந்துகொண்டான். நான்தான் அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்த ஒரு காரியம்தான் அன்றைக்கு நான் செய்தது.

மறுநாள் பிள்ளைகள் நலத் துறையிலிருந்து பெனிட்டா வந்தாள். டேவியா விஷயத்தைப் பார்க்கிறவள் அவள்தான். கையில் ஒரு தாள்.

"ராய்ஸ், பின்னாலேருந்து பிடிக்கக் கூடாதுன்னு நீங்க படிச்சிருக்கீங்க. நூத்துக்கு நூறு. தேதியோட இருக்கு. தெரிஞ்சுதான் பிடிச்சீங்களா?"

மார்வா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். தெரியாது என்றால் சான்றிதழ் பொய். மார்வாவின் லைசென்சும் போகும். டேவியாவை வேறு எங்கோ கொண்டுபோவார்கள். ஏற்கெனவே ஆறு வீடு மாறியவள் அவள். தெரியும் என்றால் ராய்ஸ் வேண்டுமென்றே கை முறித்தவன்.

"தெரிஞ்சுதான் பிடிச்சேன்" என்றான் ராய்ஸ்.

தீர்ப்பு வந்தது. டேவியா மார்வாவோடு இருக்கலாம். அந்தப் பெண் அங்கே இருக்கும்வரை ராய்ஸ் அந்த வீட்டு வாசற்படியை மிதிக்கக் கூடாது. ஒரு பெட்டியோடு தெருவைத் தாண்டி என் வீட்டுக்கு வந்தான். அடித்தள அறையைக் கொடுத்தேன். நான் கொடுக்காமல் யார் கொடுப்பது?

கைக்கட்டு அவிழ்த்த நாளிலிருந்து டேவியா என் வீட்டு வாசலுக்கு வர ஆரம்பித்தாள். முதல் நாள் அவன் வண்டியின் முன்விளக்கை உடைத்தாள். அடுத்த நாள் பக்கக் கண்ணாடி. மார்வா பின்னாலேயே ஓடிவந்து கெஞ்சுவாள். ராய்ஸ் கீழறையின் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நிற்பான்.

"போய் ஏதாச்சும் பேசுடா."

"எதைப் பேசச் சொல்ற? உடைக்கட்டும் விடு. வண்டிதானே."

ஐந்தாம் நாள் மதியம் சுத்தியலோடு வந்தாள். எஞ்சியிருந்த கண்ணாடி எல்லாம் போன பிறகு என் கதவை அடித்தாள். திறந்தேன்.

"அவனை வரச்சொல்லு, கிழவி. தெரிஞ்சேதான் பண்ணினேன்னு என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லணும். பெனிட்டா சொல்லி நான் கேக்கத் தேவையில்ல."

அவள் கண் சிவந்து வீங்கியிருந்தது. இவளை அடித்தவர்கள் எல்லோரும் தெரிந்தே அடித்தவர்கள். இவன் ஒருத்தனாவது அப்படி இல்லை என்று நினைத்திருந்தாள். அந்த ஒன்றையும் நாங்கள் பிடுங்கிவிட்டோம். ராய்ஸ் படியேறி வந்து என் பின்னால் நின்றான். வாயைத் திறந்தான். ஆமாம் என்று சொல்லப் போகிறான் என்று எனக்குத் தெரிந்தது.

"அவனுக்குத் தெரியாது" என்றேன். "அந்தப் பரீட்சையை எழுதினது நான். ரொட்டி தின்னுக்கிட்டே எழுதினேன். தெரிஞ்சவ நான்தான். அன்னிக்கு தெரிஞ்சும் சும்மா நின்னதும் நான்தான்."

சுத்தியல் வந்தது. கதவு நிலையில் இருந்த என் கையில் விழுந்தது. இரண்டு விரல் நொறுங்கியது. அடுத்த ஓங்கல் என் தலைக்கு. அதற்குள் ராய்ஸ் ஓர் அடி முன்னால் வந்தான். டேவியா சுத்தியலைப் போட்டுவிட்டு, தலையைக் கையால் மூடிக்கொண்டு குந்திவிட்டாள். அதைப் பார்த்ததும் அவன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தான்.

"நெஜமாவே தெரியாதா?" என்று கைக்குள்ளிருந்து கேட்டாள்.

"தெரியாது."

"அப்புறம் எதுக்குய்யா தெரியும்னு சொன்ன?"

"இல்லேன்னா உன்னைக் கொண்டுபோயிடுவாங்க."

அவள் பாய்ந்து அவன் மார்பில் குத்தினாள். முகத்தில், தோளில், நல்ல கையாலும் வலிக்கிற கையாலும் குத்தினாள். அவன் தடுக்கவில்லை. மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. களைத்துப்போகிற வரைக்கும் குத்திவிட்டு, எழுந்து எதிர்வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் பெனிட்டா வழக்கமான வருகைக்கு வந்தாள். என் கைக்கட்டைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள். ராய்ஸின் மூக்கைப் பார்த்தாள். உண்மையைச் சொல்லிவிடுவது என்று நான் இரவெல்லாம் யோசித்து முடிவு செய்து வைத்திருந்தேன். டேவியா முந்திக்கொண்டாள்.

"ஆர்லிஸ் கார் கதவுல விரலை நசுக்கிக்கிட்டாங்க. வண்டியை ஆலங்கட்டி மழை நொறுக்கிடுச்சு. அந்த மழையிலதான் அவரும் வழுக்கி விழுந்தாரு."

அந்த வாரம் ஒரு சொட்டு மழை இல்லை. பெனிட்டா வானத்தைப் பார்த்தாள், டேவியாவைப் பார்த்தாள், எதுவும் எழுதாமல் பேனாவை மூடினாள். நானும் வாயை மூடினேன். அது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ராய்ஸ் ஆறு வருடத்துக்கு மேல் என் அடித்தள அறையில் கிடந்தான். எதிரே சொந்த வீடு. சொந்தப் பெண்டாட்டி சாப்பாட்டைத் தட்டில் மூடி எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டி வருவாள். தொழிற்சாலையில் பிள்ளையின் கையை முறித்தவன் என்று அவன் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். ஒருத்தன் காறித் துப்பினான். ராய்ஸ் துடைத்துக்கொண்டு வெட்டப் போனான். டேவியா தினமும் தெருவின் அந்தப் பக்கம் நின்று இந்தப் பக்கம் நிற்கிறவனோடு கத்திக் கத்திப் பேசுவாள்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் கதவு உதைபட்டது. டேவியா. என்னைத் தள்ளிவிட்டு நேராகக் கீழே இறங்கினாள். பெட்டியைத் திறந்து அவன் சட்டைகளை அள்ளி அள்ளித் திணித்தாள்.

"என்னடி பண்ற?" என்று ராய்ஸ் பதறினான். "யாராவது பாத்தா உன்னைக் கொண்டுபோயிடுவாங்க."

"எனக்கு இன்னிக்கி பதினெட்டு. இனிமே எவனும் கொண்டுபோக முடியாது" என்றாள். "எந்திரி, பன்னிக்காரா. வீட்டுக்குப் போலாம்."