நார்க்கட்டியில் ஒரு முளைப்பாரி

திருவொற்றியூரில் மண் கிடைக்காது. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். கிழக்கே போனால் கடற்கரை மணல், மேற்கே போனால் தொழிற்சாலைச் சாம்பல், நடுவே சிமென்ட். ஒரு சட்டி நல்ல மண் வேண்டுமானால் யாராவது வண்டி பிடித்துப் புழல் பக்கம் போய்வர வேண்டும். 2003 ஆடி மாதத்தில் கார்குழலிக்கு அந்த ஒரு சட்டி மண்தான் வேண்டியிருந்தது.

கார்குழலி பிறந்தது புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில், மூன்றாவது மாடியில். வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடையின் வாசல் திண்ணையில் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது, தெரு நெரிசலில் ஒரு கன்டெய்னர் லாரி மாட்டிக்கொண்டது. முன்னால் போக வழியில்லை, பின்னால் வர வழியில்லை. அதை ஓட்டிவந்த வல்லரசு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே ஜன்னல் வழியாக அவளிடம் தண்ணீர் கேட்டார், நேரம் கேட்டார், பிறகு பெயர் கேட்டார். லாரி ஒருவழியாகக் கிளம்பிப் போனது. மறுநாள் லாரி இல்லாமல் வந்தார்.

கல்யாணமாகி அவள் வந்து சேர்ந்த தெருவுக்குத் தனிச் சட்டதிட்டம் உண்டு. வல்லரசின் தாத்தா காலத்தில் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து துறைமுக வேலைக்கு வந்த குடும்பங்கள் அங்கே வரிசையாகக் குடியிருந்தன. தெருக்கோடியில் மாரியம்மன் கோயில். ஆடியில் முளைப்பாரி. பயறு வகைகளை ஊறவைத்துச் சட்டியில் விதைத்து, வெளிச்சம் படாத மூலையில் வளர்த்து, தலையில் சுமந்து ஊர்வலம் போய்க் கடலில் கரைப்பார்கள். பாரி நன்றாக வளர்ந்தால் அந்த வீடு விளங்கும். வளராவிட்டால் தெருவின் வாய் விளங்கும்.

அந்த வாய்க்குத் தலைமை சொக்கம்மாள். வல்லரசுக்குப் பெரியம்மா முறை. மாவு மில் வைத்திருந்தார். அரவை இயந்திரத்தின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். மில் ஓடாத நேரத்திலும் அது இறங்காது. கார்குழலி வந்த வருஷமே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "பட்டணத்துக் கை. அது பட்டாப் பயறு கூட முளைக்காது."

அன்றிலிருந்து ஒவ்வோர் ஆடியிலும் கார்குழலி கும்மியில் கைதட்டினாள், அடுத்தவர்களின் சட்டிக்குப் பூக்கட்டிக் கொடுத்தாள். பாரி மட்டும் எடுக்கவில்லை. அந்த வருஷம் ஒரு பெண் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு போனதால் வரிசையில் ஓர் இடம் காலியானது. கார்குழலி நேராக மாவு மில்லுக்கே போனாள்.

"அத்த, நான் எடுக்கறேன்."

சொக்கம்மாள் மிளகாய்த்தூளைச் சலித்துக்கொண்டே கேட்டார். "எடுக்கலாம். மண்ணு? புழல் மண்ணு எல்லாருக்கும் பங்கு வச்சாச்சு."

"நானே பாத்துக்கறேன்."

"பாத்துக்கோ. ஆனா ஒண்ணு, முளைக்கலைன்னா இனிமே இந்தப் பேச்ச எடுக்கக் கூடாது. அம்மன் காரியம், விளையாட்டு இல்ல."

"மொளைக்கும் அத்த."

"இவளுக்கு வாய் மட்டும் நல்லா முளைச்சிருக்கு" என்று மிளகாய்த்தூளிடம் சொன்னார் சொக்கம்மாள்.

கார்குழலியிடம் ஒரு யோசனை இருந்தது. அது அவள் வேலை பார்த்த கிடங்கிலிருந்து வந்தது.

மணலி சாலையில் இருந்த அந்தக் கிடங்கில், பொள்ளாச்சியிலிருந்து வரும் தேங்காய் நார்த்தூள் கட்டிகளை அடுக்கிவைத்து, எடைபோட்டு, கன்டெய்னரில் ஏற்றுவார்கள். கயிறு திரிக்கும்போது உதிரும் தூளைக் கழுவி, உலர்த்தி, அழுத்திச் செங்கல் போலாக்கிய சரக்கு. ஹாலந்தில் வீட்டுக்குள் நாற்று விட மண்ணுக்குப் பதிலாக இதைத்தான் வாங்குகிறார்கள் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அங்கே மண்ணுக்கு அப்படியென்ன பஞ்சம் என்று கிடங்கில் யாருக்கும் விளங்கவில்லை. இந்தச் சரக்கின் குணத்தைக் கார்குழலி தெரிந்துகொண்டது ஒரு மழைக்காலத்தில். கூரை ஒழுகி ஒரு மூலை முழுதும் நனைந்துவிட்டது. காலையில் ஷட்டரைத் தூக்கினால் தூக்க வரவில்லை. உள்ளே கட்டிகள் ஊதிப்போய்க் கதவை முட்டிக்கொண்டு நின்றன.

"கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரன் மாறி கீதும்மா. ஒரு ஓரமா குந்துறேன்னு வந்து வூடு பூரா ரொம்பிட்டான்" என்றாள் கூட வேலை பார்க்கும் அஜீசா. அன்று முழுவதும் இருவரும் மண்வெட்டியால் தூளை அள்ளிக் கொட்டினார்கள். கையில் எடுத்தால் காட்டு மண்போலக் கருப்பும் பழுப்புமாக, பஞ்சுபோல இருந்தது. கார்குழலிக்கு அது மறக்கவில்லை.

உடைந்த கட்டிகளை எடுத்துப்போகத் தடையில்லை. ஒன்றைக் கூடையில் போட்டுக் கொண்டுவந்தாள். அலுமினியத் தாம்பாளத்தில் வைத்துத் தண்ணீர் ஊற்ற, கட்டி மெல்லப் பெருத்துத் தாம்பாளத்தை நிறைத்தது. ஊறிய பாசிப்பயறு, தட்டைப்பயறு, மொச்சை எல்லாவற்றையும் மேலே தூவி, சாமி கும்பிட்டு, அறை மூலையில் பழைய புடவையைத் திரையாகக் கட்டி உள்ளே வைத்தாள்.

ஒற்றை அறை வீடு. முளைப்பாரி இருக்கும் பக்கம் ஆண்கள் போகக் கூடாது. வல்லரசின் சட்டைகள் மாட்டியிருந்த ஆணி திரைக்கு உள்ளே அகப்பட்டுக்கொண்டது.

"ஒரு சட்டைய எடுத்துக் குடேன், நாலு பேரு மூக்கப் பொத்திகினு போறான்."

"நான் குளிச்சிட்டுத்தான் உள்ள போவணும். சாயந்தரம் எடுத்துத் தரேன்."

"டூட்டி இப்ப கீது."

"பனியனோட போ. லாரிக்கு இன்னா கல்யாணமா?"

இரண்டு மூன்று நாட்களில் தெருவின் மற்ற வீடுகளிலிருந்து செய்தி வந்தது: முளை விட்டாச்சு, விரல்கடை உசரம் ஆச்சு. கார்குழலி திரைக்குள் தலையை நுழைத்துப் பார்த்தாள். பயறுகள் விதைத்தபடியே கிடந்தன. இரண்டொன்று வாலை நீட்டியிருந்தது. நீட்டிய வால் நுனியும் கருகியிருந்தது.

மறுநாள் கிடங்கில் சோற்றைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். அஜீசா விடவில்லை.

"கட்டி கழுவினதா, கழுவாததா?"

"கழுவினதுதான். பச்ச ஸ்டிக்கர் பாத்துத்தான் எடுத்தேன்."

"இன்னா தண்ணி ஊத்தின?"

"பம்பு தண்ணி."

அஜீசா வாயில் வைத்த கவளத்தை மென்று முடித்தாள். பிறகு கேட்டாள்: "அந்தத் தண்ணில சோப்பே நொரைக்காது. பயறு மொளைக்குமா?"

கார்குழலி தலையில் அடித்துக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அந்தத் தெருவில் தண்ணீர் இரண்டு சாதி. லாரியில் வருவது நல்ல தண்ணி, அது வாய்க்கு மட்டும். பம்பில் வருவது உப்புத் தண்ணி, அது மற்ற எல்லாவற்றுக்கும். துணிக்கு, பாத்திரத்துக்கு, தலைக்கு, தரைக்கு. நல்ல தண்ணீரைச் சட்டியில் ஊற்றலாம் என்கிற நினைப்பே அங்கே குடியிருந்த யாருக்கும் வராது. புழல் மண் அந்த உப்பைக் கொஞ்சம் பொறுத்துக்கொண்டது. நார்த்தூளோ ஊற்றிய தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் பிடித்துவைத்திருந்தது, உப்போடு சேர்த்து.

அந்த வருஷம் சென்னை முழுக்கத் தண்ணீர்ப் பஞ்சம். லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது, சில வாரம் அதுவும் இல்லை. கார்குழலி அன்று பிடித்த குடங்களை வீட்டுக்குள் வரிசையாக வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தினாள். தூளை வேட்டித் துணியில் கட்டி, நல்ல தண்ணீரில் அமுக்கி, பிழிந்து, மறுபடி அமுக்கி, மறுபடி பிழிந்தாள். பிழிந்த தண்ணீர் டீ டிகாக்ஷன் நிறத்தில் வந்தது. அது வாசல் சாக்கடையில் இறங்கி, அலுங்காமல் நடந்து, சொக்கம்மாள் வீட்டைத் தாண்டிப் போனது.

தாண்டியது என்பது சரியில்லை. தாண்டுவதற்குள் சொக்கம்மாள் பார்த்துவிட்டார்.

"ஏய், கதவத் திற!"

கார்குழலி கதவை ஒருக்களித்துத் திறந்து இடைவெளியை உடம்பால் அடைத்தாள்.

"என்னடி காய்ச்சுற? சாராயமா?"

"ஐயோ அத்த, அதுல நாத்தம் வருதா பாரு. வெறும் தேங்கா மட்ட தண்ணி."

"தேங்கா மட்டையா? எதுக்கு? உள்ள நாலு குடம் காலியாக் கெடக்குது. இன்னைக்குப் பிடிச்ச தண்ணியா அது? ஊரே நாக்கு வறண்டு அலையுது, நீ நல்ல தண்ணிய மட்டைக்கு ஊத்துறியா?"

"பாரிக்கு அத்த."

"பாரிக்குப் பம்புத் தண்ணி ஆகாதா? எங்க பாரியெல்லாம் என்ன இளநீயா குடிக்குது? தள்ளு, பாக்குறேன்."

கார்குழலி தள்ளவில்லை. "பாக்கக் கூடாது அத்த."

"யாரு சொன்னா?"

"நீதான். அடுத்த வூட்டுப் பாரிய, எடுக்கற நாளுக்கு முந்தி யாரும் கண்ணால பாக்கக் கூடாதுன்னு போன வருசம் கோயில்ல வெச்சி சொன்ன. பாத்தா பாத்தவ வூட்டுப் பாரி வாடிடும்னே."

சொக்கம்மாள் கழுத்தை நீட்டினார். திரை தெரிந்தது, திரையின் மடிப்பு தெரிந்தது, அதற்கு மேல் எட்டிப் பார்த்தால் அவர் வீட்டுப் பாரிக்கு ஆபத்து. சட்டம் போட்டவரே வாசலில் மாட்டிக்கொண்டு நின்றார்.

"சரி" என்றார் கடைசியில். "எடுக்கற அன்னைக்குப் பாத்துக்கறேன்."

அந்த வாரம் வல்லரசு வீட்டில் தண்ணீர் கேட்கும்போதெல்லாம் பாதி டம்ளர்தான் வந்தது.

"இன்னாம்மே இது, மருந்தா?"

"பாரி குடிச்சது போவ மிச்சம்."

"நல்லாக் குடிக்கட்டும். எனக்கு ஒண்ணியும் வாணாம். நான் ஹார்பர்ல போய் வாய நனைச்சிக்கறேன். பொண்டாட்டி கீறா, தண்ணி இல்ல. இன்னா பேஜாரு!"

ஆனால் மறுநாள் லாரியில் எங்கிருந்தோ ஒரு கேன் தண்ணீரோடு வந்து, திரைக்கு இந்தப் பக்கம் வைத்துவிட்டு, பனியனோடு போய்விட்டார்.

இரண்டாம் முறை விதைத்த பயறுகள் காத்திருக்கவில்லை. பாசிப்பயறு முந்தியது. தட்டைப்பயறு அதைத் தோளால் இடித்துக்கொண்டு மேலே வந்தது. மொச்சை மட்டும் தலையில் தோலோடு தூங்குமூஞ்சியாக எழுந்தது. பஞ்சுபோன்ற தூளுக்குள் வேர்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிப் பின்னிக்கொண்டன. இருட்டில் வளர்ந்த தண்டுகள் வெளிர்மஞ்சளாக, சீப்பால் வாரியதுபோல நேராக நின்றன.

எடுக்கும் நாள் சாயங்காலம் கார்குழலி குளித்து, மஞ்சள் புடவை கட்டி, பாரியைச் சுற்றி நூலும் கனகாம்பரமும் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தாள். பெண்கள் வழிவிட்டு விலகினார்கள். சொக்கம்மாள் சுற்றிவந்து பார்த்தார். கிழக்கிலிருந்து பார்த்தார், மேற்கிலிருந்து பார்த்தார்.

"நேராத்தான் இருக்கு" என்றார். அவரிடமிருந்து அது பெரிய வார்த்தை. கார்குழலிக்குக் கால் தரையில் பாவவில்லை.

மேளம் முன்னால் போக, ரயில்வே கேட்டைக் கடந்து, நெடுஞ்சாலையில் டிரெய்லர்களை நிறுத்திவைத்து, ஊர்வலம் கடற்கரைக்கு வந்தது. கும்மி முடிந்தது. ஒருவர் பின் ஒருவராக முழங்கால் தண்ணீரில் இறங்கிச் சட்டியைக் கவிழ்த்தார்கள். புழல் மண் சொத்தென்று விழுந்து கரைந்தது. பயிர்கள் அலையோடு போயின. கார்குழலியின் முறை வந்தது. கவிழ்த்தாள்.

பாரி முழுசாக ஒரே அடையாக விழுந்தது. விழுந்து, உள்ளே போய், மேலே வந்தது. மஞ்சள் தலைமுடியோடு ஒரு குட்டித் தீவு மாதிரி மிதந்தது. அலை அதை உள்ளே கொண்டுபோனது. அடுத்த அலை திருப்பிக் கொண்டுவந்து அவள் காலடியில் விட்டது.

கரையில் யாரோ மெல்லச் சொன்னார்கள்: "அம்மன் ஏத்துக்கல போல."

கார்குழலி அதை வாரி எடுத்தாள். இடுப்பளவு தண்ணீருக்குப் போய் அதை இரண்டு கையாலும் அமுக்கினாள். கையை எடுத்ததும் பாரி துள்ளிக்கொண்டு எழுந்தது. மறுபடி அமுக்கினாள். மறுபடி எழுந்தது.

"கல்லக் கட்டுடி!" ஆண்கள் பக்கத்திலிருந்து வல்லரசு கத்தினார்.

"ஆம்பள வாய மூடு!" என்றார் சொக்கம்மாள். என்றபடியே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். தெரு முழுவதும் தண்ணீர் ஓரத்துக்கு நெருங்கி வந்தது. தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

வந்தவர் பாரியின் நடுவில் கையை வைத்துத் தம் முழு எடையோடும் அமுக்கினார். அது நழுவி, பக்கவாட்டில் சீறி எழுந்து, உப்புத் தண்ணீரை அவர் முகத்தில் வாரி இறைத்தது. சொக்கம்மாள் இருமினார். கண்ணைத் துடைத்தார்.

"என்னத்தடி போட்ட இதுல?"

"தேங்கா நாரு அத்த. கட்டியா வரும். ஊற வெச்சா..."

"தேங்கா நாரு!" சொக்கம்மாளின் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்பது கார்குழலிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "தேங்காய எவடி முக்க முடியும்? பிய்டி, பிய்!"

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். வேர் விடவில்லை. மறுபடி இழுத்தார்கள். கிடங்கில் கட்டி உடைத்த கை கார்குழலியுடையது. நடுவில் விரலை நுழைத்து அவள் வகிர்ந்ததும் அடை இரண்டாக, நாலாகப் பிரிந்தது. பழுப்புத் தூள் புகைபோலத் தண்ணீரில் கலைந்தது. மஞ்சள் தண்டுகள் ஒவ்வொன்றாக அலையில் ஏறிக் கிளம்பின.

சொக்கம்மாள் கரையைப் பார்த்துத் திரும்பினார். மாவு மில் குரல் அலைச் சத்தத்துக்கு மேலே வந்தது.

"அம்மன் ஏத்துக்கலைன்னு எவ சொன்னது? நம்ம பாரியெல்லாம் போட்டதும் போயிருச்சு. இவ பாரி ஒண்ணுதான் கடல்ல நின்னு கும்மியடிச்சிட்டுப் போகுது! குலவை போடுங்கடி!"

குலவை கிளம்பியது. கார்குழலியின் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டு சொக்கம்மாள் கரையேறினார். ஈரப்புடவை இருவர் காலிலும் தட்டியது. மேளக்காரர்களைக் கடக்கும்போது குரலைத் தணித்தார். அவருக்குத் தணிக்கத் தெரியும் என்பதே அன்றுதான் தெருவுக்குத் தெரிந்தது.

"அந்தக் கட்டி இன்னொண்ணு கிடைக்குமா?"

"கெடைக்கும் அத்த. ஆனா நல்ல தண்ணி நெறையா கேக்கும்."

"கேக்கட்டும். அடுத்த ஆடிக்கு லாரி வந்தா எனக்கும் சேத்து வரிசையில குடத்தப் போடு. நான் ஒருத்தியா எத்தனை குடத்துக்குச் சண்ட போடுவேன்?"