பிரவுனிக்கென்று அவித்தது

நல்லம்மா அக்காவின் வீட்டில் ஆட்டிறைச்சி வேகும் நாளில், வேலிக்கு இந்தப் பக்கம் நான் என்ன ஆக்கி வைத்தாலும் என் வீட்டுக்காரருக்கு ருசிக்காது. நானும் ஒன்றும் கையாலாகாதவள் இல்லை. இந்த றலியாவின் வட்டலாப்பத்தைப் பற்றிக் குண்டசாலையில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அக்காவின் கை வேறு. புசல்லாவைத் தோட்டத்தில் பிறந்து, கல்யாணம் கட்டி இங்கே வந்து, கண்டி நகரத்துக் கடைகளுக்கும் கந்தோர்களுக்கும் வருடக்கணக்காகச் சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுத்த கை அது. தன்னுடைய பார்சல் வந்து சேராத மத்தியானங்களில் கந்தோர்களில் பைல் நகராது என்று அவரே பெருமையடிப்பார். அதில் பாதி பொய். பாதி உண்மை.

அவருடைய கணவர் ராஜலிங்கம் அண்ணன் மாநகர சபையில் தண்ணீர் மீற்றர் பார்த்தவர். வீடு வீடாக ஏறி இறங்குகிற வேலை. கண்டியில் கேற் போட்ட வீடுகளில் பெரும்பாலும் நாய் இருக்கும். அதனால் அண்ணனின் சட்டைப் பையில் எப்போதும் பிஸ்கட் கிடக்கும். ஒரு முறை ஒரு வீட்டுக்காரி, தன் நாய்க்கு நஞ்சு வைக்க வந்தவன் என்று தெருவைக் கூட்டிவிட்டாளாம். அன்றிலிருந்து, வீட்டுக்காரர்கள் பார்க்கும்படி முதலில் தான் ஒரு கடி கடித்துத் தின்றுவிட்டு, மிச்சத்தைத்தான் நாய்க்குப் போடுவார். பென்ஷன் எடுத்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. சொந்த வீட்டு நாய்க்கு ஒரு துண்டு ரொட்டி போடுவதானாலும் தான் கடிக்காமல் போடமாட்டார்.

"கல்லக் குடுத்தாலும் கடிச்சிட்டுத்தான் நாய்க்குப் போடுவாரு" என்று அக்கா சிரிப்பார்.

அந்தச் சொந்த வீட்டு நாய்தான் பிரவுனி. நான் முஸ்லிம் பெண், நாயைத் தொடமாட்டேன். அது பிரவுனிக்கும் தெரியும். வேலியில் உள்ள சின்னப் படலை வரைக்கும் வந்து என்னை வழியனுப்பும், அதற்கு மேல் ஒரு அடி வைக்காது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நல்ல மரியாதை இருந்தது. சில சொந்தக்காரர்களிடம் கூட எனக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை.

போன வருடம் ராஜலிங்கம் அண்ணனுக்குப் பாரிசவாதம் வந்தது. உயிர் தப்பியது அல்லாஹ்வின் கிருபை. வலது கையும் காலும் சொன்ன சொல் கேட்கவில்லை, வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. பிரஷர்தான் காரணம், இனிமேல் உப்பே ஆகாது என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். விழுங்கக் கஷ்டப்படுவதால் எல்லாம் மென்மையாகவும் இருக்க வேண்டும். இது போதாதென்று அக்கா தன் பங்குக்கு ஒன்று செய்தார். ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டே கதிர்காமத்து முருகனுக்கு நேர்ந்துவிட்டார். அவர் எழுந்து நடந்து சந்நிதிக்கு வரும் வரைக்கும் அவர் வாயில் மச்சம் படாது, மீனும் இறைச்சியும் முட்டையும் அறவே இல்லை என்று. யாருடைய வாயோ அந்த ஆளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கிற நிலையில் அவரும் இல்லை.

அண்ணன் வீட்டுக்கு வந்தார். முன்வாசல் இஸ்தோப்பில் சாய்வான கதிரை போட்டு உட்கார வைத்தார்கள். அக்கா உப்பில்லாத கஞ்சி வைத்தார், மரக்கறியை அவித்து மசித்தார். ஊருக்கே உறைப்பும் புளிப்புமாகப் பார்சல் கட்டியவர், கட்டிய புருஷனுக்கு ருசியில்லாத கூழைக் கிண்டிக்கொண்டு நின்றார். கிண்டும்போதே அழுவார். சத்தமாக அழமாட்டார். மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் அகப்பை சட்டியில் தட்டுகிற சத்தமும் எங்கள் குசினிவரைக்கும் கேட்கும். கேட்டுக் கேட்டு எனக்கே சோறு இறங்காது.

அண்ணன் இரண்டு கரண்டி வாங்குவார், மூன்றாவதற்கு முகத்தைத் திருப்பிக்கொள்வார். சட்டைக் காலருக்குள் கழுத்து நாளுக்கு நாள் மெலிந்தது. இப்படியே போனால் மூக்கால் குழாய் விட வேண்டிவரும் என்று கிளினிக்கில் பயமுறுத்தினார்கள். நாவலப்பிட்டியில் கட்டிக் கொடுத்த மகள் வந்து கெஞ்சினாள், நான் கெஞ்சினேன். எனக்கு அவர்மேல் உண்மையாகவே கோபம் வந்தது. ஆக்குகிற பொம்பிளை அங்கே உருகிக்கொண்டிருக்கிறாள், இந்த மனிதருக்கு ருசி கேட்கிறதா என்று நினைத்தேன்.

இந்த இழவோடு பிரவுனியும் சாப்பிடுவதை நிறுத்தியது. வாயெல்லாம் வீங்கி நாற்றம் எடுத்தது. அக்கா அதைச் சாக்கில் சுற்றி, த்ரீவீலரில் ஏற்றிப் பேராதனைக்கு மிருக டாக்டரிடம் கொண்டுபோனார். சொத்தைப் பல்லையெல்லாம் பிடுங்கி அனுப்பினார்கள். திரும்பி வந்த அக்கா வேலியருகில் நின்று என்னிடம் சொன்னார்:

"ரெண்டு பேருக்கும் ஒரே டாக்டருதான் போல றலியா. இதுக்கும் உப்பு ஆகாதாம். வெங்காயம், பூண்டு, மசாலா, சீனி, எலும்பு ஒண்ணும் ஆகாதாம். பஞ்சு மாதிரி மெதுவா செஞ்சு குடுக்கணுமாம்."

ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் சிரித்தார்.

நாய்க்கு நேர்த்திக்கடன் எதுவும் இல்லை. அதனால் அக்கா கோழி நெஞ்சுத் துண்டு வாங்கி, வெறும் தண்ணீரில் அவித்து, பூப்போலக் கொத்தினார். எங்கள் பின்வளவுப் பூசணிக் கொடியில் காய்த்த வட்டக்காயில் ஒரு கீற்றை நான் கொடுத்தேன். அதையும் அவித்து மசித்து, ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, வறுத்த அரிசிமா தூவி, கோழி அவித்த தண்ணீரால் பிசைந்தார். விரல் மொத்தத்துக்கு உருட்டி, பழைய இடியப்பத் தட்டில் அடுக்கி ஆவியில் வைத்தார். முதல் நாள் மா கூடிப்போய் ரப்பர் மாதிரி வந்தது. மறுநாள் வட்டக்காய் கூடி, தட்டோடு ஒட்டிக்கொண்டது. அக்கா விடுவாரா? இது பார்சல் கட்டிய கை. பிசைந்ததைச் சற்று ஊறவிட்டு, கையில் தண்ணீர் தொட்டு உருட்டினார். இரண்டு விரலால் அழுத்தினால் உடைகிற பதத்தில் வந்து சேர்ந்தது. பல்லில்லாத பிரவுனி அதை நாக்காலேயே வழித்துத் தின்றது.

அதற்குப் பிறகு காலையில் அக்காவின் குசினியில் வேறு சத்தம் கேட்கத் தொடங்கியது. "இந்தா வந்துட்டேன்டா, ஆவி போவட்டும், வாயச் சுட்டுக்காத" என்று நாயோடு வம்பளந்துகொண்டே உருட்டுவார். ஆறியதும் ஒரு தட்டில் வைத்து இஸ்தோப்பில் அண்ணனின் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு, உள்ளே போய்க் கஞ்சிச் சட்டியைத் தூக்குவார். உடனே மூக்குறிஞ்சல் தொடங்கும். நாய்க்குப் போடுகிற வேலை அண்ணனுடையது. இடது கை நல்லாகத்தானே இருந்தது. ஒரு வேலையாவது இருக்கட்டும் என்றுதான் அக்கா அப்படி வைத்தார்.

கொஞ்ச நாளில் அண்ணனின் முகத்தில் தெளிவு வந்தது. கஞ்சி என்னவோ அதே இரண்டு கரண்டிதான். கிளினிக்கில் நிறுத்துப் பார்த்துவிட்டு நல்ல முன்னேற்றம் என்றார்கள். முருகன் கண் திறந்துவிட்டான் என்று அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பேராதனையில் பிரவுனியை நிறுத்தபோதுதான் கணக்கு இடித்தது. அதற்குத் தினம் கோழியும் முட்டையும். விலா எலும்பு மட்டும் அப்படியே தெரிந்தது. பூச்சி மருந்து கொடுத்து அனுப்பினார்கள்.

விஷயத்தைக் கண்டுபிடித்தவள் நான்தான். கட்டில் துணிகளைக் கொடியில் விரித்துக்கொண்டிருந்தேன். வேலி இடுக்கால் இஸ்தோப்பு தெரிந்தது. அண்ணன் ஒரு துண்டை எடுத்துப் பாதியைக் கடித்தார். மெல்ல மெல்ல மென்று விழுங்கினார். மிச்சத்தைப் பிரவுனிக்கு நீட்டினார். பழைய பழக்கம்தானே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த துண்டில் நாய்க்கு ஒரு நுனிதான் கிடைத்தது. அதற்கடுத்தது முழுதாக அவருடைய வாய்க்குள்ளேயே போனது. பிரவுனி வாலை ஆட்டிக்கொண்டு அவரைப் பார்த்தபடி இருந்தது. அதன் பொறுமையை என்ன சொல்ல?

நான் பின்பக்கமாகப் படலைக்குப் போய் அக்காவைச் சைகை காட்டிக் கூப்பிட்டேன்.

"அக்கா, இஞ்ச வாங்க. சத்தம் போட வாணாம். அண்ணன் என்ன செய்யிறாருண்டு பாருங்க."

நனைந்த துணிகளுக்குப் பின்னால் இரண்டு பேரும் திருடிகளைப் போலக் குனிந்து நின்று பார்த்தோம். அக்கா வயிறு குலுங்கச் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் துணி துவைக்கிற கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகத்தில் இரத்தம் இல்லை.

"முருகா. அது மச்சமாச்சே றலியா. கோழியும் முட்டையும். இத்தன நாளா தின்னுருக்காரே. நேந்தது போச்சே. இப்ப அவருக்கு ஏதாச்சும் ஆயிட்டா அது என்னாலதானே?"

"எத வச்சி ஆகும்? திண்டுதானே தெளிஞ்சி ஈக்கிறாரு."

"நீ சும்மா இரு. சாமி காரியம் ஒனக்கு வெளங்காது. நாளையிலருந்து நாய்க்கும் மரக்கறிதான்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்த மனிதர் கண்ணெதிரே மெலிந்துபோனதை நானும் பார்த்தவள். அடுத்த வீட்டுச் சாமி விஷயத்தில் வாய் வைக்கக் கூடாதுதான். வைத்துவிட்டேன்.

"நேந்தது நீங்க. பட்டினி கெடக்க அவரா? உங்கட சாமி உங்களுக்கிட்டத்தானே கேட்கும். உங்கட வாயக் கட்டுங்க அக்கா. அவர்ர வாய விடுங்க."

அக்கா எழுந்து சேலையை உதறிக்கொண்டு போய்விட்டார். அன்று முழுவதும் வேலிக்கு அந்தப் பக்கம் பேச்சில்லை. நான் வரம்பு மீறிவிட்டேனோ என்று பயந்துபோனேன். அஸர் தொழுகையில் கூட மனம் நிற்கவில்லை. நாளைக்கு அந்தத் தட்டில் கோழிக்குப் பதிலாகக் கரட் இருந்தால் அண்ணனுக்குக் குழாய்தான் என்ற நினைப்பே சுற்றிச் சுற்றி வந்தது.

மறுநாள் காலையில் சமாதானத்துக்காக ஒரு கீற்று வட்டக்காயைத் தூக்கிக்கொண்டு படலையைத் திறந்தேன். கோழி வேகிற வாசம் வந்தது. அக்காவின் நெற்றியில் விபூதி பளிச்சென்றிருந்தது.

"சாமிகிட்ட பேசிட்டேன்" என்றார் என்னைப் பார்க்காமலேயே. "இனிமே மச்சம் எனக்குத்தான் இல்ல. அவரு நடந்து வந்து கும்புடுற வரைக்கும் நான் தொடமாட்டேன்."

ஆட்டிறைச்சிக் குழம்பைச் சட்டியோடு வழித்துத் தின்கிற அக்கா சொன்ன வார்த்தை இது. அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. வட்டக்காயை நீட்டினேன்.

அன்று அக்கா இரண்டு தட்டில் வைத்தார். தகரத் தட்டில் பிரவுனிக்கு. பூப்போட்ட பீங்கான் தட்டில் அண்ணனுக்கு. இரண்டையும் அவருடைய இடது பக்கத்து ஸ்டூலில் வைத்தார். அண்ணன் இரண்டையும் பார்த்தார். கையை நீட்டித் தகரத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார்.

"ஏங்க, அதுவும் இதுவும் ஒரே சட்டியில அவிச்சதுதாங்க" என்றார் அக்கா. "பயப்படாம சாப்புடுங்க. தெரிஞ்சுதான் தர்றேன். இது ஒங்களுக்குன்னே செஞ்சது."

பாரிசவாதம் வந்த பிறகு அண்ணனுக்கு நீளமாகப் பேச வராது. ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுக்க வேண்டும். நாங்கள் காத்து நின்றோம்.

"எனக்குன்னு ஆக்கினா" என்றார், "நீ அழுவுற."

அக்கா குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அதுக்குன்னா அழுவல்ல." அவர் கையிலிருந்த துண்டைப் பிரவுனியின் பக்கம் காட்டினார். "ஒன் கஞ்சி… செத்த வீட்டுச் சோறு மாதிரி. எறங்க மாட்டேங்குது நல்லம்மா. நான் இன்னும் சாகல்லையே."

உப்பு இல்லாததுதான் குறை என்றும், மச்சம் இல்லாததுதான் குறை என்றும் ஊரே கூடி யோசித்தோம். அந்த மனிதர் இத்தனை நாளும் இஸ்தோப்பில் உட்கார்ந்து, குசினியில் தன்னுடைய சாவுக்கு அழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அதைக் கேட்டபடி அந்தக் கஞ்சியை விழுங்கச் சொல்லித்தான் நானும் கெஞ்சியிருக்கிறேன்.

அக்காவின் உதடு கோணியது. இதோ அழப் போகிறார், எல்லாம் கெட்டது என்று நினைத்தேன். அவர் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். பிறகு பீங்கான் தட்டைத் தூக்கினார்.

"கொஞ்சம் மெளகு நுணுக்கிப் போடட்டா? ஒங்க தட்டுக்கு மட்டும்."

அண்ணன் யோசித்தார்.

"தேசிக்காயும் புழி" என்றார்.

அக்கா தட்டோடு குசினிக்குள் போனார். அம்மியில் மிளகு நொறுங்கும் சத்தம் கேட்டது. அண்ணன் தலையைச் சாய்த்துக் காதை அந்தப் பக்கம் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தார். நானும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். அம்மிச் சத்தம் மட்டும்தான் வந்தது.